பிந்தி வரும் பேச்சு

ராதோயே பேசி முடித்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அவர் பேசியது கம்ப்யூட்டர் திரையில் வர ஆரம்பிக்கும். முதலில் ஒரு சொல் வரும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் நாலைந்து சொற்கள் முட்டி மோதிக்கொண்டு ஒரேயடியாக வந்து விழும். அதற்குள் மனைவி ஸ்மில்யா அடுப்பங்கரைக்குப் போய் மிளகாயைப் புரட்டிவிட்டு வந்துவிடுவாள்.

அந்தப் புதன்கிழமை காலையில் காப்பி வேண்டுமா என்று கேட்டாள். அவர் விசைகளைத் தட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை. சரி, அடுப்பையாவது தணிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். 'ஆமா' என்று இருந்தது. விறகை வெளியே இழுத்துத் தணித்துவிட்டாள். அந்த 'ஆமா' காப்பிக்கு உரியது. ஒரு அடுக்கு மிளகாய் தோல் வேகாமல் பச்சையாகவே பானைக்குள் போய்விட்டது. உரிக்கும்போதுதான் தெரிந்தது. தோல் சதையைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

"உன்னோட பேசுறதுக்கு நான் ஸ்டுட்கார்ட்டுக்குக் கடுதாசி போட்டுப் பதிலுக்குக் காத்துக் கெடக்கலாம், மனுசா" என்றாள்.

அவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது.

செப்டம்பர் கடைசி. லெஸ்கோவாட்ஸ் பக்கத்து ஊர்களில் அந்த மாதத்தில் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. தெருவில் எந்த வாசலைப் பார்த்தாலும் இரும்பு அடுப்பு முற்றத்துக்கு வந்திருக்கும். அதன் தகட்டின் மேல் சிவப்பு மிளகாய், கை நீளத்துக்கு, தோல் கருகி வெடித்துக்கொண்டிருக்கும். சுட்டதைப் பானையில் போட்டு மூடி வேர்க்க விட்டு, தோலுரித்து, விதையைத் தட்டி, துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு அரைத்து, அகலமான சட்டியில் எண்ணெய் விட்டுக் கிண்டினால் அய்வார். கரண்டி இழுத்த தடம் மூடாமல் சட்டியின் அடி தெரிகிறவரை கிண்ட வேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். குளிர்காலம் முழுவதும் ரொட்டிக்கு அதுதான்.

அதனால்தான் ராதோயேயின் கம்ப்யூட்டரும் முற்றத்து ஓரத்தில் இருந்த கோடைச் சமையலறைக்கு வந்திருந்தது. எல்லோரும் அங்கே இருக்கும்போது அவர் மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்து யாரிடம் பேசுவது?

போன ஜனவரி வரை அவருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. மொத்தச் சந்தையில் மிளகாய் வியாபாரி. அவர் விலை சொன்னால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கேட்கும் என்பார்கள். கல்யாணமோ ஞானஸ்நானமோ, அவர் எழுந்து நின்று கோப்பையைத் தூக்கினால் பாடகனே நிறுத்திவிட்டு வாய் பார்ப்பான். தொண்டையில் கட்டி என்று சொல்லி நீஷ் நகரத்து ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு துணி. கழுத்தில் வைத்து அழுத்திப் பேச ஒரு கருவி கொடுத்தார்கள். அதை வைத்து ஒரு வார்த்தை சொன்னார். ரம்பம் அறுக்கிற மாதிரிச் சத்தம் வந்தது, முற்றத்து நாய் குரைத்தது. கருவி அன்றோடு மேசை இழுப்பறைக்குள் போயிற்று. எழுதிக் காட்டலாம் என்றால் அவருடைய கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் வாயில் வைத்துக்கொண்டிருந்தவர்.

ஈஸ்டருக்கு மகன் நெனாத் ஜெர்மனியிலிருந்து வந்தபோது வேலை செய்கிற இடத்தில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரைக் காரில் போட்டுக்கொண்டு வந்தான். எழுதுகிற மென்பொருளைத் திறந்து வைத்து, "அப்பா, இதுல பேசு" என்றான். முதலில் ஒற்றை விரல். மே மாதத்துக்குள் நாலு விரலாகிவிட்டது. எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார், அடுப்பங்கரையிலிருந்தே படிக்கலாம். பேசியதையெல்லாம் ஒரே ஃபைலில், ஒன்றின் கீழ் ஒன்றாகப் பேசினார். புதிதாக ஒன்று திறக்கச் சொன்னால் கேட்கமாட்டார்.

அப்போதெல்லாம் பேச்சு ஓரளவுக்கு விரலோடுதான் வந்தது. மாட்டுவண்டியானது இந்த மாதத்தில்தான். மகள் வீதாவைப் பெண் கேட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளாசோதின்ட்ஸியிலிருந்து பையனுடைய பெற்றோர் வருவதாகச் சேதி வந்தது. வந்தவர்களைப் பெண்ணின் அப்பாதான் உட்காரவைத்துப் பேசவேண்டும். கிண்டல் செய்யவேண்டும், இழுக்கவேண்டும், எங்கள் வீட்டில் பெண்ணே இல்லையே என்று பொய் சொல்லவேண்டும், கடைசியில் வாக்குக் கொடுக்கவேண்டும். இவ்வளவையும் தானே செய்வதாக ராதோயே முடிவு செய்திருந்தார். பேச்சுக்கு நடுவில் காட்டுவதற்கு என்று வீதாவின் படங்களை, தொட்டில் காலத்திலிருந்து, அந்த ஃபைலுக்குள் வரிசையாகப் போடச் சொன்னார். வீதா நகரத்தில் ஒரு கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்து, ஒவ்வொன்றையும் சன்னல் அளவுக்குப் பெரிதாக எடுத்துக்கொண்டுவந்து போட்டாள். அன்றிலிருந்துதான் இப்படி.

புதன்கிழமை மத்தியானம் ஒத்திகை பார்த்தார்கள். ஸ்மில்யாதான் சம்பந்தி. கையில் வெறும் கோப்பையோடு எதிரே உட்கார்ந்தாள். ராதோயேயின் விரல்கள் ஓடின, கண் மின்னியது, தன் நகைச்சுவையில் தானே மயங்கித் தோள் குலுங்கினார். திரை அப்படியே கிடந்தது. நகைச்சுவை வந்து சேர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு வடிந்துபோயிருந்தது.

ஸ்மில்யா சிரித்துவைத்தாள்.  அந்நியர்கள் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, விரலை ஆட்டுகிற ஒரு மனிதனையும் வெறும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பதை நினைத்தாள். பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதை ராதோயே பார்ப்பார்.

சாயங்காலம் தம்பி ஸ்ரேதன் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பேச்சை அவன் பார்த்துக்கொள்ளவேண்டும், மச்சானுக்குத் தெரியாமல் பக்குவமாக இடையில் நுழையவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஸ்ரேதனுக்குப் பக்குவம் என்பது எந்தக் கடையில் விற்கிறது என்றே தெரியாது. மறுநாள் அய்வார் கிண்ட உதவிக்கு வந்தவன் சட்டைக் கையை மடித்துவிட்டபடியே சொன்னான்:

"மச்சான், ஞாயித்துக்கெழமையப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. அக்கா சொல்லிருச்சு. நான் பேசிக்கிறேன். நீங்க சும்மா தலையாட்டினாப் போதும்."

ராதோயே ஸ்மில்யாவைப் பார்த்தார். எழுந்தார். கரி படாமல் மூடிவைக்கிற எண்ணெய்த்துணியை எடுத்துக் கம்ப்யூட்டரின் மேல் போட்டு, நாலு முனையையும் இழுத்துச் சரி செய்தார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் துணி அகலவில்லை. ஸ்மில்யா கேள்வி கேட்டாள், திட்டினாள், ஸ்ரேதனைத் திட்டினாள், தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் மிளகாயைப் புரட்டினார். குரல் போனபோதுகூட வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வீதா வேலை முடிந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல், அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்:

"அப்பா பேசலன்னா ஞாயித்துக்கெழம நான் அறைய விட்டு வரமாட்டேன். மாமா வேணும்னா கல்யாணம் பண்ணிக்கட்டும்."

சனிக்கிழமை மழை. அடுப்பைக் கூரைக்கு அடியில் இழுத்துப் போட்டிருந்தார்கள். புகை வெளியே போகாமல் மூவருக்கும் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. வழக்கம்போல நெனாத்தின் போன் வந்தது. போன் இருப்பது வீட்டு நடையில், கம்பி அதற்குமேல் நீளாது. வீதா ஓடிப்போய் எடுத்தாள். அவள் சொல்வதையெல்லாம் ஸ்மில்யா மழைச் சத்தத்தில் அரைகுறையாகக் கேட்டாள். பிறகு நடையின் சன்னலைத் திறந்துகொண்டு வீதாவின் தலை வெளியே வந்தது. புது ஃபைல் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அண்ணன் சொல்வதாகச் சொன்னாள்.

ராதோயே திரும்பாமலே தலையை ஆட்டி மறுத்தார். படங்கள் அதில் இருக்கின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் பேசியதெல்லாமும் அதில்தான் இருக்கிறது.

"அதையெல்லாம் வெட்டாம ஒரு வழி சொல்லச் சொல்லு" என்றாள் ஸ்மில்யா. இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய் எண்ணெய்த்துணியை இழுத்துக் கீழே போட்டாள். தானே கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் திரையின் மேல்வரியில் இருந்த கட்டளைப் பட்டியல்கள் எல்லாம் ஜெர்மன். அந்த வீட்டில் இருப்பவர்களில் ஜெர்மன் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இருபது வயதில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சலவை ஆலையில் ஐந்து வருடம் விரிப்பு மடித்திருக்கிறாள்.

ராதோயே முதுகைத் திருப்பவில்லை. ஆனால் மிளகாய் புரட்டுவது நின்றிருந்தது.

முதல் விஷயம் சிவப்பு நெளி. ராதோயே எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் புழு மாதிரி ஒரு சிவப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக அது அலங்காரம் என்று நினைத்திருந்தார்கள். வீதா சன்னலிலிருந்து அண்ணன் சொன்னதைக் கத்திச் சொன்னாள். இயந்திரம் ஒவ்வொரு சொல்லையும் ஜெர்மன் அகராதியில் தேடிப் பார்க்கிறதாம். கிடைக்கவில்லை என்று தப்புப் போடுகிறதாம். அப்பா ஒரு எழுத்துத் தட்டினால் போதும், மறுபடியும் வேலையை ஆரம்பித்துவிடுமாம்.

"எங்க பேச்சத் தப்புன்னு சொல்ல இவன் யாரு?" என்றாள் ஸ்மில்யா. மவுஸ் வழுக்கியது. விரலில் மிளகாய்ச் சாறு. எங்கே போகவேண்டும், எதைத் திறக்கவேண்டும் என்று நெனாத் வீதாவிடம் சொல்ல, வீதா மழைக்குள் கத்த, ஸ்மில்யா வரிவரியாக வாசித்துத் தேடினாள். எழுத்துப்பிழை என்ற சொல்லைக் கண்டாள். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்த குறியை எடுத்தாள். ஒரே நேரத்தில் அத்தனை சிவப்புப் புழுவும் மறைந்துபோயின. பக்கம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

ராதோயே திரும்பிப் பார்த்தார்.

"'மேலே மூணாவது வார்த்தை'ங்கிறான்மா!"

மூன்றாவது சொல்லை அவள் பார்த்த உடனே கண்டுகொண்டாள். படம் போட்ட அஞ்சலட்டைக்கு ஜெர்மன்காரர்கள் சொல்கிற சொல்லில் பாதி அது. ஆலையில் இருந்த காலத்தில் மாதம் ஒன்றாக அந்த அட்டையைத்தான் ராதோயேவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்போது அவர் வெறும் பக்கத்து ஊர்ப் பையன். அந்தச் சொல்லுக்குத் தோற்றம் என்று அர்த்தம். அதைத் திறந்தாள். நெனாத் சொன்னபடி, பக்கத்தைத் தாள் மாதிரியே விளிம்பும் ஓரமுமாக வரைந்து காட்டுவதை விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் காட்டுகிற வரைவுத் தோற்றத்துக்கு மாற்றினாள். தாளின் ஓரங்கள் போயின. எழுத்துகள் இடது பக்கம் ஒட்டிக்கொண்டன.

இப்போது ராதோயே எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவருடைய மூச்சு கழுத்துத் துணி வழியாக வருகிற சத்தம் அவள் காதருகில் கேட்டது.

கடைசியாகப் படங்கள். ஃபைலில் எங்கே இருந்தாலும் இயந்திரம் அந்தப் படங்களைச் சுமந்துகொண்டே திரிகிறதாம், அவற்றைக் காட்டாமல் வெறுஞ்சட்டமாக வைக்க ஒரு வழி இருக்கிறதாம். ஸ்மில்யா அந்தக் கட்டத்தைத் தேடிப் பிடித்துக் குறி போட்டாள். தொட்டிலில் இருந்த வீதா போனாள். பல் விழுந்த வீதா போனாள். மிளகாய்க் குவியலின் மேல் நின்ற வீதா இருந்த இடத்தில் ஒரு காலிச் சதுரம்.

மேசை அதிர்ந்தது. ராதோயே ஓங்கி அறைந்திருந்தார். ஸ்மில்யா திரும்பினாள். அவர் வாய் அகலத் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, முகம் முழுவதும் கத்தல். ஒரு சத்தமும் இல்லை. சந்தையையே நடுங்கவைத்த அதே கத்தல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இரு மனுசா. இரு. பாரு."

அந்தக் குறியை எடுத்தாள். சதுரங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. மேலிருந்து கீழாக, மெதுவாக, வீதாவின் தலைமுடி, நெற்றி, விழுந்த பல்.

"எங்கயும் போகல. மூடி வச்சிருக்கு, அவ்வளவுதான். வேணுங்கறப்பத் தெறந்துக்கலாம். நீ பேசறப்ப மட்டும் மூடி இருக்கட்டும்."

அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே மூச்சு வாங்கினார். பிறகு அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். அவள் படங்களை மறுபடி மூடினாள். அவர் இரண்டு கையையும் விசைகளின் மேல் வைத்து, ஒரு விரலால் ஒரு எழுத்தைத் தட்டினார்.

எழுத்து வந்து நின்றது. விரலை எடுப்பதற்கு முன்னால் வந்து நின்றது.

இன்னொன்று. அதுவும் வந்தது. ராதோயேயின் முதுகு நிமிர்ந்தது. பிறகு நாலு விரலும் ஓட ஆரம்பித்தன. இரண்டு நாள் அடக்கிவைத்த பேச்சு திரையில் மளமளவென்று இறங்கியது.

'ஸ்ரேதன் ஒரு மடையன்.'

"அது எனக்கும் தெரியும்" என்றாள் ஸ்மில்யா.

'அவனப் போயிக் கூப்பிட்டவ அவனவிடப் பெரிய மடச்சி.'

"நான் மடச்சியா? ரெண்டு நாளா எருமை மாதிரி மொதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தது யாரு? எனக்காகவா போயிக் கேட்டேன்? அவங்க உன்னப் பாக்கற பார்வைய நான் எப்படித் தாங்குவேன்னு நெனச்சியா?"

'பாத்தா பாக்கட்டும். எனக்குக் கண்ணு இல்லியா? நானும் பாப்பேன்.'

"பாத்துட்டு அப்பறம் யாருகிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவே?"

'உங்கிட்டதான். வேற யாரு இருக்கா?'

அவள் ஒன்று சொல்ல, வாய் மூடுவதற்குள் அவர் பதில் வந்து நின்றது. அவர் தட்டத் தட்ட அவள் குறுக்கே புகுந்தாள். ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக அவளால் அவரைக் குறுக்கே மறித்துப் பேச முடிந்தது. முகமெல்லாம் சூடேறி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தி, அவள் சந்தோஷமாகச் சண்டை போட்டாள். அடுப்பில் ஒரு அடுக்கு மிளகாய் கரிக்கட்டையாயிற்று. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

சன்னலிலிருந்து வீதா கேட்டாள், அண்ணன் லைனில் இருக்கிறான், ஆயிற்றா இல்லையா என்று என்ன சொல்ல?

"உங்கப்பன் என்னத் திட்டுறான்னு சொல்லு" என்றாள் ஸ்மில்யா. "நல்லாத் திட்டுறான்னு சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்துவிட்டது. முற்றத்தைக் கூட்டி, கோடைச் சமையலறையின் சுவரை வெள்ளைத் துணியால் மறைத்து, நீள மேசையை அங்கேயே போட்டார்கள். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. புது அய்வார், வெள்ளைப் பாலாடைக்கட்டி, சூடான ரொட்டி. மேசையின் தலைப்பக்கத்தில் கம்ப்யூட்டர்.

பையனின் அப்பா திஹோமிர் குட்டையான, கனத்த ஆள், செங்கல் சூளை வைத்திருந்தார். அம்மா லேபாவுக்கு நீண்ட முகம், அதிகம் பேசாதவள் போலத் தெரிந்தாள். பையன் போபன் கழுத்துப்பட்டையை இழுத்துக்கொண்டே இருந்தான். ஸ்மில்யா வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி சீமைமாதுளைப் பழப்பாகும் ஒரு கோப்பைத் தண்ணீரும் கொடுத்தாள். ஸ்ரேதன் பிளம் சாராயத்தை ஊற்றினான். வாயைத் திறக்கக் கூடாது என்பது அவனுக்கு இடப்பட்ட கட்டளை, அவனும் அதை ஆச்சரியப்படும்படி காப்பாற்றினான்.

ராதோயே நல்வரவு தட்டினார். திஹோமிர் திரையை நோக்கிக் குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தனக்குப் புகைமூட்டம்தான் என்று சங்கடத்தோடு சொன்னார்.

ஸ்மில்யா ஒரு கணம்தான் யோசித்தாள். நாற்காலியை இழுத்து ராதோயே பக்கத்தில் போட்டுக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

முதலில் தயங்கித் தயங்கித்தான் வந்தது. பிறகு பிடிபட்டுவிட்டது. அவர் விரல் ஓட, சொல் வர, அவள் வாய் அதைச் சொன்னது. எங்கள் வீட்டில் பெண்ணே கிடையாது, இருப்பது ஒரு பூனைதான், அதைக் கேட்டா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டாள். செங்கல் சூளைக்காரர் வீட்டில் ரொட்டியும் அச்சில் வார்த்தது மாதிரி இருக்குமோ என்று கேட்டாள். திஹோமிர் மேசையைத் தட்டிச் சிரித்தார், பதிலுக்கு மிளகாய் வியாபாரிகளின் நாக்கைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, முகம் சிவந்தார். ராதோயே தட்டினார். ஸ்மில்யா படித்தாள்: "நாக்கு இருக்கு சம்பந்தி. ஒலியத்தான் மனைவிகிட்ட குத்தகைக்கு விட்டிருக்கேன்." இறுகிய முகங்கள் எல்லாம் அவிழ்ந்தன. முற்றத்துக்கு அப்பால் வீட்டுக் கதவு ஒரு விரல்கடை திறந்திருப்பதையும், அதற்குப் பின்னால் வீதா வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதையும் ஸ்மில்யா பார்த்தாள்.

படங்களைத் திறக்கச் சொன்னார். ஸ்மில்யா திறந்தாள். அவை மெதுவாகவே வந்தன, ஆனால் படத்துக்காகக் காத்திருக்க யாருக்கும் கஷ்டமாக இல்லை. லேபா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். மிளகாய்க் குவியலின் மேல் நிற்கிற குழந்தையை வெகுநேரம் பார்த்தாள். ஸ்மில்யா மறுபடி மூடினாள்.

திஹோமிர் அடுத்த கோப்பையைக் கையில் எடுத்தார். "எல்லாஞ் சரி சம்பந்தி. ஒண்ணு மட்டும் மறைக்காமச் சொல்லுங்க. பொண்ணு கோவக்காரியா?"

ராதோயே யோசிக்கவில்லை. தட்டினார். ஸ்மில்யா படித்தாள்.

"அவ அம்மா மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்மில்யாவும் சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தாள்.

"அவ அம்மா எப்படின்னு கேளுங்க. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் நான் செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டேன். சோறு எறங்கல. போயிரலாம்னுதான் இருந்தேன். எல்லாரும் வந்து அழுதாங்க. இவ மட்டும் தெனம் வந்து எங்கூடச் சண்ட போட்டா. பதில் பேச முடியாதவங்கூட. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. இவளுக்கு ஒரு பதிலாவது சொல்லணும்னே..."

முன்கூட்டிப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சொல் வந்தது, வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது என்ன என்று காதில் விழுந்தது.  வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் ராதோயே நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

லேபா எழுந்து வந்தாள். ஸ்மில்யாவின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குனிந்து, நிதானமான குரலில் விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

"இவளுக்கு ஒரு பதிலாவது சொல்லணும்னே எழுந்து உக்காந்தேன். இன்னிவரைக்கும் அந்தப் பதில் முடியல. இவளுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க. ஒரு வீட்டுக்கு ஒரு ஊமை போதும்."

ஸ்ரேதன் கையிலிருந்த சாராயத்தையே நீட்டினான். ஸ்மில்யா வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். அழுகையும் சிரிப்புமாக ராதோயேயின் முழங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

திஹோமிர் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வீதா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, வாசல்படியில் நின்று போபனைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, தலையை அசைத்தாள். திஹோமிர் முறைப்படி கேட்டார், உங்கள் பெண்ணை எங்கள் பையனுக்குக் கொடுக்கிறீர்களா என்று.

அதற்குப் பதில் பெண்ணின் அப்பா சொல்லவேண்டும். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ராதோயே தட்டவில்லை. கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கி ஸ்மில்யாவுக்கு முன்னால் வைத்தார்.

"நானா?" என்று உதட்டை அசைத்தாள்.

அவர் தலையாட்டினார்.

ஸ்மில்யா ஒற்றை விரலை நீட்டினாள். நகக்கண்ணில் மிளகாய்ச் சிவப்பு இன்னும் இருந்தது. 'கொடுக்கிறோம்' என்பது அவர்கள் மொழியில் சின்னச் சொல்தான். முதல் எழுத்தைத் தேடி அழுத்தினாள். அது திரையில் பெரிதாக வந்து நின்றது. அடுத்ததைத் தேடினாள். லேபா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக உதட்டால் படித்தாள். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் வீதாவைக் கட்டிக்கொண்டாள். நாற்காலிகள் சரிந்தன, ஸ்ரேதன் கட்டளையை மறந்து பாட ஆரம்பித்தான், திஹோமிர் ராதோயேயின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டார்.

ஸ்மில்யா எழவில்லை. கடைசி எழுத்து எங்கே இருக்கிறது என்று வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்து, அதையும் அழுத்தி, அது திரையில் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.